இழுத்தால் அவிழும் முடிச்சு

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.
துவைத்த துணி மொடமொடவென்று காய்கிற வெயிலில்
பவானிக்கு வெள்ளம் வந்தது.
குடகில் பெய்த மழை
மேட்டூரில் கணக்குப் பார்த்து
மிச்சத்தை எங்கள் தெருவுக்கு அனுப்பிவிட்டது.
ஆடி நோம்பிக்கு முளைப்பாலி விட்ட அதே படித்துறை.
நாலாம் நாள் படியைக் காணோம்.

சத்துணவு அமைப்பாளர் நான்.
எண்பது பிள்ளைகளுக்கு உலை வைக்கிற பாத்திரத்தில்
இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பேரேடு எழுதினேன்: வந்தது, கொடுத்தது, இருப்பு.
வந்தது பிரெட்டு நானூறு,
பிரெட்டு அறுநூறு,
மறுபடி பிரெட்டு.
பட்டன் இல்லாத சட்டை ஒரு மூட்டை.
கரைவேட்டிக்காரர் ஒருவர்
சென்னியப்பன் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்,
போட்டோ சரியில்லையென்று திரும்ப வாங்கி
மறுபடி கொடுத்தார்.
அதை ஒன்றென்று எழுதுவதா, இரண்டென்றா?

எந்தப் பத்தியிலும் எழுத முடியாத ஒன்று இருந்தது.
ராத்திரியானால்
கொஞ்ச நேரம் விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்
ஈரச் சேலையோடு நின்ற பொம்பளைகள்.
பதினோரு நாள் குழந்தையோடு வந்த மேகலா
சுவரிலிருந்த உலகப்படத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தே
பால் கொடுத்தாள்.

ஆறாம் நாள் காலையில் டிவிஎஸ் எக்ஸலில் ஒருவர் வந்தார்.
காதோரமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்.
பிரெட்டு இல்லை. கயிறு.
கட்டுக்கட்டாய்க் கயிறு,
சோப்பு வாசத்தோடு பழைய சேலைகள் நாற்பது.
"சாரக் கயிறுதான் அக்கா."
எங்களுக்குச் சாரம் கட்டடத்தில் நிற்பது,
அவர் ஊரில் இடுப்பில் நிற்பதாம்.
பேருங்க? தவராசா.
விலாசமுங்க? பவானிசாகர் முகாம்.
அது சரிங்க, நிரந்தர விலாசம்?
சிரித்தார். முப்பத்தைந்து வருசச் சிரிப்பு.
அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.

சாக்பீஸ் கேட்டு வாங்கித் தரையில் குனிந்தார்.
அடிக்கோல் இல்லை, பாதத்தால் அளந்தார்.
பத்துக்குப் பத்து. பத்துக்குப் பத்து.
கண்ணை மூடிக்கொண்டும் போட்டிருப்பார்.
ஜன்னல் கம்பிக்கும் கரும்பலகை ஆணிக்கும்
கயிறு இழுத்துச் சேலைகளைத் தொங்கவிட்டார்.
முதல் அறை மேகலாவுக்கு.

சென்னியப்பன் நல்ல மனசோடுதான் சொன்னான்:
"பிளைவுட் நம்ம பட்டறையில கெடக்குதுங்க,
அடிச்சுப் போட்டா கெட்டியா நிக்குமுங்க."

முடிச்சுப் போட்ட கை நின்றது.
"வேண்டாம் தம்பி. கெட்டியா வேண்டாம்.
எங்களுக்கும் முதல்ல சீலைதான் கட்டினது.
பிறகு தகரம் வந்தது. பிறகு கல்லு.
கதவும் வைச்சினம்.
கதவு வைச்ச பிறகு
எப்ப போறியள் எண்டு
ஒருத்தரும் கேக்கேல்லை."

ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நுனியை வெளியே விட்டிருந்தார்.
இதை இழுத்தால் அவிழ்ந்துவிடும் என்று காட்டினார்.
சின்னப் பிள்ளை இழுத்தாலும் போதுமாம்.
டீ குடிக்கச் சொன்னேன், நேரமில்லை என்றார்.
அன்று முகாமில் தலை எண்ணுகிற நாள்.

பதினோராம் நாள் ஆறு இறங்கியது.
விளக்குமாறும் பிளீச்சிங் பவுடருமாய்
அவரவர் வீட்டுச் சேற்றைப் பார்க்கப் போனார்கள்.
மேகலா தானே இழுத்தாள்,
சேலை அவள் தோளில் வந்து விழுந்தது.
கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டி
இருப்பு என்று எழுதினேன்.
வாங்கிப் போக அவர் இன்னும் வரவில்லை.
கோபியில் பெயிண்டு வேலை என்றார்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது.
எத்தனை தேய்த்தும் கோடு முழுதாய்ப் போகவில்லை.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
எங்கிருந்தோ ஓட்டாஞ்சில்லு பொறுக்கி வந்து
கட்டத்துக்குக் கட்டம் நொண்டியடிக்கிறார்கள்.
விதி தெரியுமல்லவா,
ரெண்டு காலையும் ஊன்றினால்
ஆட்டம் போச்சு.